தாத்தாவோட பழைய நீல டெனிம் கோட்டு, எந்த வருசத்து சரக்குன்னு எப்படி கண்டுபிடிக்க?

திசையன்விளை பேரன்:
அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம், பழைய துணிமணி பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க. போன வாரம் ஓடு மாத்தணும்னு பழைய வீட்டு மச்ச ஒதுக்குனோம், அங்கன ஒரு தகரப்பெட்டி கெடந்துது, தொறந்தா தாத்தாவோட சாரம் ரெண்டு, ஒடஞ்ச டார்ச்சு லைட்டு, அடியில மடிச்சு வச்ச ஒரு நீலக் கோட்டு. தாத்தா கப்பல்ல இருந்தாவ, இன்ஜின் ரூம்ல கிரீசர் வேலை, நான் கைக்குழந்தையா இருக்கும்போதே தவறிட்டாவ, அதனால கேக்க ஆள் கெடையாது.

கோட்டு நல்ல கனம், இடுப்புக்குக் கீழ வருது, முன்னால நாலு பாக்கெட்டு, இரும்பு மாதிரி அஞ்சு பட்டன், அதுல ஒண்ணு போயி சாதா சட்டை பட்டன் தச்சிருக்கு. முழங்கையில காக்கி துணி ஒட்டு. காலருக்குக் கீழ இருந்த லேபிள் பாதி கிழிஞ்சு போச்சு, மிச்சத்துல சான்ஃபரைஸ்டுன்னு மட்டும் வாசிக்க முடியுது. உள்பக்கம் சின்னதா ஒரு வெள்ளை லேபிள், யூனியன் மேட்னு போட்டுருக்கு. முன்பக்கம் பூரா எண்ணெய்க் கறை.

பெரியப்பா இது மொத உலகப்போர் காலத்து கோட்டுன்னு அடிச்சு சொல்லுதாவ. சென்னையில இருக்க சித்தி பையன் இன்ஸ்டாகிராம்ல படம் போட்டான், ஒருத்தன் ஒம்பதாயிரம் தாரேன்னு மெசேஜ் பண்ணிருக்கான், இன்னொருத்தன் இது லட்சக்கணக்குல போவும் வித்துராதீங்கன்னுட்டான். இப்ப வீட்ல ஒரே பேச்சு. அத்தை வேற வாளியில சோப்புத்தூள கரைச்சு வச்சுக்கிட்டு எப்பல தாறன்னு நிக்காவ. தொவைக்கலாமா கூடாதா? எத்தன வருசப் பழசுன்னு எத வச்சு சொல்லுதது?

பாளை பழசு:
தம்பி மொதல்ல அந்த வாளிய கவுத்துருங்க, மிச்சத்த பொறவு பேசலாம். நான் இருவது வருசமா பழைய உழைப்பாளி உடுப்பு சேக்கேன், என் கைக்கு வந்த நல்ல சரக்குல பாதிய ஏற்கனவே யாரோ ஒரு அத்தை தொவைச்சு வச்சிருந்தாவ. இரும்பு பட்டன் தண்ணியில கெடந்தா துரு எறங்கி துணியில வட்ட வட்டமா புடிச்சுக்கிடும், அது போவவே போவாது. நீலமும் கழண்டு ஒட்டுத்துணியில ஏறும். வெயில்லயும் போடக்கூடாது, நெழல்ல காத்தாட போட்டு பழைய பெயிண்டு பிரஷ் வச்சு பைய தூசி தட்டுனா போதும்.

இனி வயசு. பெரியப்பா மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா சான்ஃபரைஸ்டுன்னு எழுதிருந்தா அது மொத உலகப்போர் கெடையவே கெடையாது. தொவைச்சா துணி சுருங்குமில்ல, அதுக்கு முன்னாலயே மில்லுல மெஷின் வச்சு சுருக்கி அனுப்புற முறை அது, சான்ஃபோர்டு க்ளூயட்னு ஒரு அமெரிக்கர் கண்டுபிடிச்சது, அவர் பேர்லதான் அந்த வார்த்தையே. 1930 வாக்குலதான் அது வெளிய வந்துது. அதனால உங்க கோட்டுக்கு அதுதான் கீழ்க்கோடு. யூனியன் மேட் லேபிள வச்சு ரொம்ப சொல்ல முடியாது, அது அமெரிக்காவுல உள்ள யுனைடெட் கார்மென்ட் வொர்க்கர்ஸ் சங்கத்து லேபிளா இருந்தா அந்த சங்கம் 1891லயே ஆரம்பிச்சு 1994 வரைக்கும் இருந்துது, அம்புட்டு பெரிய வலைக்குள்ள எந்த மீனும் மாட்டும்.

மேல்க்கோடு வேணும்னா லேபிள்ல என்ன இல்லங்கறத பாக்கணும். அமெரிக்காவுல 1960 மார்ச்சுல இருந்து துணி எதுல நெஞ்சது, எத்தன சதவீதம் பருத்தின்னு லேபிள்ல போட்டே ஆவணும்னு சட்டம். 1972ல இருந்து எப்படி தொவைக்கணும்னும் போடணும். தொவைக்கிற முறை எழுதி ஒரு நிரந்தர லேபிள் எங்கயுமே இல்லன்னா 72க்கு முந்தினதா இருக்க நெறைய வாய்ப்பு. ஆனா உங்களுது பாதி கிழிஞ்ச லேபிளு, கிழிஞ்ச பாதியில என்ன இருந்துதுன்னு யாருக்குத் தெரியும். அதனால எல்லா பாக்கெட்டுக்குள்ளயும், தையல் மடிப்புக்குள்ளயும் கைய விட்டு பாருங்க, ஆர்என் இல்லாட்டி டபிள்யூபிஎல்னு எழுதி நம்பர் ஏதாவது இருக்கான்னு, அமெரிக்க அரசாங்கம் கம்பெனிக்கு குடுக்குற பதிவு நம்பரு அது. ஒரு படம் உள்பக்கத்தையும் எடுத்துப் போடுங்க, உள்ள வெள்ளையா இருக்கா நீலமா இருக்கா?

ஹார்பர் மாப்ள:
லட்சம் லட்சம்னு சொல்லுதவன நம்பாதீங்க ப்ரோ 😂 அந்தக் கதை எங்கருந்து வருதுன்னா, 2001ல லீவைஸ் கம்பெனியே ஈபேல ஒரு ஜீன்ஸ 46,532 டாலர் குடுத்து ஏலத்துல எடுத்துச்சு, நெவாடா பக்கம் பழைய சுரங்க ஊர்ல கெடச்சது, 1880கள் சரக்கு. அத பாத்துட்டு இப்ப மச்சுல இருந்து ஒரு நீலத்துணி விழுந்தா போதும், எல்லாரும் கால்குலேட்டர எடுத்துருதானுவ.

கம்பெனி ஏன் தன் ஜீன்ஸ தானே காசு குடுத்து வாங்குச்சுன்னு கேளுங்க, 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்துல புடிச்ச தீயில அவங்க பழைய கணக்கு, சாம்பிள் எல்லாம் எரிஞ்சு போச்சு. ரிவெட் அடிச்ச பேண்ட்டுக்கு ஜேக்கப் டேவிஸ்ங்கற டைலரும் லீவை ஸ்ட்ராஸும் சேந்து 1873 மே 20ல காப்புரிமை வாங்குனாங்க, அதுக்குப் பொறவு முப்பது வருசத்து சங்கதிக்கு அவங்ககிட்டயே பேப்பர் கம்மி. அதனால பழைய துணிதான் அவங்களுக்கு ரெக்கார்டு.

உங்க கோட்டுல ரிவெட் இருக்கா? இல்லன்னா அந்தப் பேச்சே இங்க தேவையில்ல.

திசையன்விளை பேரன்:
ரிவெட் ஒண்ணுகூட இல்ல. உள்பக்கம் வெள்ளை, கொஞ்சம் மஞ்சளடிச்ச வெள்ளை. வாளிய கவுத்தாச்சு, அத்தைக்கு என் மேல கோவம், சோப்புத்தூள் என்ன சும்மாவா வருதுன்னு கேக்காவ.

விகேபுரம் மில்லுக்காரன்:
உள்ள வெள்ளைன்னா டெனிம்தான் சந்தேகமில்ல. நீளவாக்குல ஓடுற பாவு நூலுக்கு மட்டும் சாயம் ஏத்துவாங்க, குறுக்க ஓடுற ஊடை நூல வெள்ளையாவே விட்டுருவாங்க, அதான் வெளிய நீலம் உள்ள வெள்ளை. பாவு நூல்லயும் சாயம் மேலாப்புலதான் நிக்கும் நடு நரம்பு வெள்ளை, உரசுன எடத்துல வெளுக்குறது அதனாலதான். நம்மூரு ரயில்வே ஆளுங்க, மில்லு ஃபிட்டருங்க போட்டது நீல ட்ரில்லு, அது நெஞ்சு முடிச்சு மொத்தமா முக்குறது, ரெண்டு பக்கமும் ஒரே நீலம். நெறைய பேரு அத டெனிம்னு வித்துருதானுவ.

கொஞ்சம் கத மாறுது மன்னிச்சுக்கோங்க. எங்க தாத்தாவும் அப்பாவும் விக்கிரமசிங்கபுரம் மில்லுலதான், ஹார்வி கம்பெனி 1885 வாக்குல பாபநாசம் அருவித் தண்ணி வேகத்துல ஓட்ட ஆரம்பிச்ச மில்லு. மூணு தலைமுறையா எத்தன ஆயிரம் பேரு அங்க வேலை பாத்திருப்பாவ, அவ்வளவு பேரு போட்ட உடுப்புல ஒண்ணு காட்டுங்க பாப்போம். எங்க வீட்லயே இல்ல. சட்டை கிழிஞ்சா கைப்பிடித்துணி, அதுவும் கிழிஞ்சா சைக்கிள் தொடைக்க, அதுக்கும் ஆவலன்னா அடுப்பு. அமெரிக்காக்காரன் சுரங்கத்துக்குள்ள வுட்டுட்டுப் போன டவுசர தோண்டி எடுத்து மியூசியத்துல வைக்கான், நாம சங்குச்சத்தம் கேட்டு எந்திரிச்ச ஊரு, ஒரு காக்கி அரைக்கால்சட்டை கூட மிச்சமில்ல. எனக்கு இது ரொம்ப நாள் வயித்தெரிச்சல்.

வேலை உடுப்ப டங்கரின்னு கப்பல்ல சொல்லுவாங்கல்ல, அந்தப் பேரே பம்பாய் டோங்ரியில இருந்து போனதுதான். அங்க வித்த முரட்டுத்துணிய வெள்ளைக்காரன் வாங்கிட்டுப் போயி அந்தப் பேரையும் கொண்டு போயிட்டான். தாத்தா போட்டிருந்தது கப்பல் உடுப்புன்னா அவரும் டங்கரின்னுதான் சொல்லிருப்பாரு.

கொக்கிரகுளம் டைலர்:
நான் திருப்பூர்ல பதினாலு வருசம் ஜீன்ஸ் யூனிட்ல இருந்துட்டு இப்ப இங்க கடை போட்டுருக்கேன். படத்த பெருசாக்கி பாத்தேன். தோள்லயும் கைப்பக்கத்துலயும் மூணு வரி செயின் தையலு, அது ஃபீட் ஆஃப் ஆர்ம் மெஷின் வேலை, ஃபேக்டரியில தச்சதுதான், எந்த ஊரு டைலரும் வீட்ல உக்காந்து அடிச்சதில்ல. முழங்கை ஒட்டு மட்டும் சாதா மெஷின், நம்மூரு கை, தையல் நீளமே சொல்லுது.

நூல ஒருக்கா பாருங்க. ஒட்டுல தொங்குற பிசிறு ஒண்ணு, கோட்டோட உள்மடிப்புல தொங்குற பிசிறு ஒண்ணு, ரெண்டையும் கத்தரிச்சு கோட்ட தூர வச்சுட்டு தனியா தட்டுல போட்டு கொளுத்துங்க. பருத்தின்னா பேப்பர் எரிஞ்ச வாசம், சாம்பலாயிரும். பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி குண்டுமணி மாதிரி கெட்டியா நிக்கும். ஒரிஜினல் தையல் பூரா சுத்த பருத்தி நூலுன்னா பழசுக்கு நல்ல அடையாளம், ஆனா அத மட்டும் வச்சு வருசம் சொல்லிர முடியாது, இப்பவும் வேணும்னே பருத்தி நூல்ல தைக்கான். மில்லுக்கார அண்ணன் ஊரப் பத்தி சொன்னதால சொல்லுதேன், அந்த ஒட்டு தச்ச நூலு ஒருவேள உங்க மில்லு நூலாவே இருக்கும், 1974ல கோட்ஸ் கம்பெனியோட சேந்து மதுரா கோட்ஸ் ஆனதே நூலுக்காகத்தான.

இன்னொண்ணு, கடையில ரூவா நோட்டு பாக்குற ஊதா லைட்டு இருக்குமில்ல, அத இருட்டுல அடிச்சு பாருங்க. லேபிளு, நூலு பளிச்சுன்னு நீலமா மின்னுனா புதுச்சரக்கா இருக்கலாம். ஆனா வெள்ளையடிக்கிற மருந்து இப்ப எல்லா சோப்புத்தூள்லயும் இருக்கு, ஒருக்கா தொவைச்சிருந்தாலும் மின்னும். அத்தை வாளிய கவுத்தது அதுக்கும் நல்லதாப் போச்சு.

ஹார்பர் மாப்ள:
ஜப்பான்காரன் பண்ணுற நகல் பத்தி யாரும் சொல்லல. 1980, 90கள்ல இருந்தே அவன் பழைய அமெரிக்க கோட்ட நூல் நூலா பிரிச்சு பாத்து, நாடாத்தறியில நெஞ்சு, அதே லேபிளு அதே பட்டன்னு அச்சு அசலா பண்ணுதான். ஓரத்துல செல்வெட்ஜ் கரை இருந்தா பழசுன்னு யூடியூப்ல சொல்லுதானுவ பாருங்க, இன்னைக்கு நம்ம நாட்டு மில்லுலயே செல்வெட்ஜ் டெனிம் நெய்யுதாங்க. ஆனா ப்ரோ தாத்தா பெட்டியில தானா வந்து நகல் உக்காராது, அந்த வகையில நீங்க சேஃப்.

அத விடுங்க, தாத்தா கப்பல்காரருன்னா சிடிசி இருக்கணுமே? சின்ன புஸ்தகம் மாதிரி, பாஸ்போர்ட்டு போல போட்டோ ஒட்டி கைநாட்டு, மச்ச அடையாளம் எல்லாம் இருக்கும். பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஷிப்பிங் மாஸ்டர் ஆபீஸ்ல குடுத்தது. எந்தக் கப்பல்ல என்னைக்கு ஏறுனாரு, எங்க எறங்குனாருன்னு வரிசையா சீல் குத்திருக்கும். எங்க மாமா ஒருத்தர் சொத்துப் பத்திரத்த விட அத பத்திரமா வச்சிருந்தாரு. கோட்ட விட அத தேடுங்க மொதல்ல.

பாளை பழசு:
இதத்தான் சொல்ல வந்தேன், மாப்ள முந்திட்டாரு. கோட்டு எப்ப தச்சதுங்கறது ஒரு கேள்வி, தாத்தா கைக்கு எப்ப வந்துதுங்கறது வேற கேள்வி. ரெண்டையும் போட்டு ஒலப்பிக்கிடாதீங்க. வெளிநாட்டுத் துறைமுகத்துல கப்பல்காரங்க செகண்ட் ஹேண்டு கடையில வாங்குறது சகஜம், அப்படின்னா கோட்டு அவருக்கு முந்தியே பத்து வருசம் வேற எவன் முதுகுலயோ இருந்திருக்கும்.

திசையன்விளை பேரன்:
நாலு நாள் கழிச்சு வாரேன். மன்னிக்கணும், இடையில ஒரு கல்யாணம்.

சிடிசி கெடச்சிட்டு! பீரோவுல ஆச்சியோட ரேஷன் கார்டு கூட இருந்துது. தாத்தா மொத கப்பல் ஏறுனது 1963, கடைசியா எறங்குனது 1978. எல்லாம் பம்பாய்ல ஏறி பம்பாய்ல எறங்குனதாத்தான் இருக்கு, ஒண்ணு மட்டும் கல்கத்தா. பட்டன் எல்லாம் காந்தத்துல ஒட்டுது. பிசிற கொளுத்தியும் பாத்தேன், கோட்டு நூல் சாம்பலாச்சு, ஒட்டு நூலும் சாம்பல்தான், குண்டுமணி எதுவும் வரல.

அப்புறம் பாளை அண்ணாச்சி சொன்ன மாதிரி பாக்கெட்டுக்குள்ள கைய விட்டு தடவுனேன், எடது கீழ்ப்பாக்கெட்டு உள்தையல்ல ஒரு துண்டு லேபிளு சுருண்டு கெடந்துது, ஆர்என் போட்டு அஞ்சு இலக்க நம்பரு, 14ல ஆரம்பிக்கு. அதுலயே 100 சதவீதம் காட்டன்னும் இருக்கு. தொவைக்கிறது பத்தி ஒண்ணும் இல்ல.

பாளை பழசு:
தம்பி அருமை, அந்த சுருண்ட துண்டுதான் உங்க சொத்து. டபிள்யூபிஎல் நம்பரு 1941ல இருந்து 59 வரைக்கும் குடுத்தாங்க, 13669ல முடியும். அந்த வரிசையத் தொட்டு 13670ல இருந்து ஆர்என் நம்பரு 1959ல ஆரம்பிச்சுது. உங்களுது 14ல ஆரம்பிக்குற அஞ்சு இலக்கம்னா 59க்கு முன்னால இல்ல. ஒரு எச்சரிக்கை, அந்த நம்பரு கம்பெனி பதிவு பண்ணுன காலத்த காட்டும், கோட்டு தச்ச வருசத்த காட்டாது, ஒரு தடவ வாங்குன நம்பர கம்பெனி எத்தன வருசம் வேணும்னாலும் போட்டுக்கிடலாம். இணையத்துல நம்பர கணக்குல போட்டா வருசம் வரும்னு ஒரு ஃபார்முலா சுத்துது, அது பதிவு வருசம்தான். நெறைய வியாபாரி அதையே கோட்டு வயசுன்னு சொல்லி விக்கான். அந்த நம்பர அமெரிக்க அரசாங்கத்து எஃப்டிசி தளத்துல போட்டு தேடுங்க, கம்பெனி பேரு இன்னும் பதிவுல இருந்தா வரும்.

ஆக, பருத்தி சதவீதம் போட்டுருக்கு, தொவைக்கிற முறை இல்ல, நம்பரு 59க்குப் பொறவு. 1960ல இருந்து 72க்குள்ள தச்சதுன்னு நான் வைப்பேன். தாத்தா மொத கப்பல் 63. புதுசாவே வாங்கிருக்கலாம் போலருக்கு, செகண்ட் ஹேண்டுன்னு நான் சொன்னத கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கிடுதேன். பெரியப்பாகிட்ட பைய எடுத்துச் சொல்லுங்க, உலகப்போர்லாம் முடிஞ்சு பதினஞ்சு வருசம் கழிச்சு.

வெலை, நான் வியாபாரி இல்ல, ஆனா அறுபதுகள் கோட்டு, பாதி லேபிளு, பட்டன் மாறுனது, லட்சம் எல்லாம் வராது. ஒம்பதாயிரம் சொன்னவன் ஒண்ணும் ஏமாத்துக்காரன் இல்ல. ஆனா சிடிசியோட சேத்து வச்சிருக்க கோட்டு வேற சங்கதி, யாரு போட்டது எந்தக் கப்பல்னு பேப்பரோட வாரது ரொம்ப அபூர்வம். ரெண்டையும் பிரிச்சுராதீங்க. என்கிட்ட இருவத்தேழு கோட்டு இருக்கு, ஒண்ணு போட்டவன் பேருகூட எனக்குத் தெரியாது.

விகேபுரம் மில்லுக்காரன்:
இன்ஜின் ரூம் கிரீசர் கோட்டு, முன்னால பூரா கப்பல் எண்ணெய்க் கறையோட… அந்தக் கறைய மட்டும் தொடாதீங்க தம்பி, அதுதான் தாத்தா.

திசையன்விளை பேரன்:
அண்ணாச்சி அதுலதான் ஒரு தமாசு. நேத்து இந்த மெசேஜ ஆச்சிக்கு வாசிச்சு காமிச்சேன், ஆச்சி சிரிச்ச சிரிப்புல பொடி டப்பா கீழ விழுந்துட்டு. கப்பல்ல இத போடவே இல்லியாம். இன்ஜின் ரூம்ல கெடக்கது வெக்கையில இம்மாம்பெரிய கோட்டு எவன்ல போடுவான், பனியனே போட மாட்டாவன்னு சொல்லுதாவ. குளிர் நாட்டுல கரைக்கு எறங்கும்போது போட வாங்குனதாம். பொறவு 78ல ஊருக்கு வந்தப்பொறவு முருங்கைத் தோட்டத்துல ஆயில் இன்ஜின் இருந்துருக்கு, மார்கழி மாசம் விடியக்காலம் தண்ணி பாய்ச்ச போவும்போது இத போட்டுக்கிட்டு போயி இன்ஜின்ன சுத்தி ஸ்டார்ட் பண்ணுவாவளாம். கறை பூரா அந்த இன்ஜின் கறைதான். அப்புறம் கோட்டு கெடந்த கெடப்புல கொஞ்ச நாளு மழைக்கு இன்ஜின் மேலயே போத்தி வச்சிருந்தாவளாம். ஒட்டு போட்டது திசையன்விளையில ஒரு டைலரு, காக்கி துணி பெரியப்பாவோட பள்ளிக்கூட டவுசர்ல இருந்து வெட்டுனது. பெரியப்பாவுக்கே இது தெரியாது.

விகேபுரம் மில்லுக்காரன்:
சவம், நான் கண்ணு கலங்கிட்டு எழுதுனேன் அத 😂

பாளை பழசு:
தம்பி ஆச்சி சொன்னத அப்படியே ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி வச்சுக்கோங்க, இன்னைக்கே. பொடி டப்பா விழுந்த சத்தத்தோட.

அந்தக் காக்கி ஒட்ட பிரிச்சு புதுசு போடுதேன்னு கெளம்பிராதீங்க. வைக்கும்போது கம்பியில மாட்டி தொங்க விடாதீங்க, கனத்துல தோள் எறங்கிரும். வெள்ளை மல்துணியில சுருட்டி வைங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உங்க ஊரு கடக்காத்துல உள்ள வேர்த்து பட்டன் துருப்புடிச்சுரும். பாச்சா உருண்டை துணி மேல படக்கூடாது. பூச்சி இருக்குமோன்னு பயமா இருந்தா, அப்ப மட்டும் கவர்ல காத்துப் போவாம கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வச்சு எடுங்க, எடுத்த ஒடனே பிரிக்காம ஒரு நாள் வெளிய கெடந்து குளிர் விட்டப்பொறவு பிரிங்க.

திசையன்விளை பேரன்:
ஃப்ரீசர்ல ரெண்டு வாரம்னா அத்தை என்னைய வீட்ட விட்டு வெளிய போட்டுருவாவ, அங்க மீன் இருக்கு. பாக்கலாம். விக்கலன்னு முடிவு பண்ணியாச்சு, சித்தி பையன்கிட்டயும் சொல்லிட்டேன்.

டைலர் அண்ணாச்சி, அந்த சட்டை பட்டன் மட்டும் ஆடிக்கிட்டு இருக்கு, விழுந்துரும் போலருக்கு. அதையே இறுக்கி தச்சுக் குடுப்பீங்களா? வெள்ளிக்கெழம திருநெல்வேலி வாரேன், கடை உண்டா?

கொக்கிரகுளம் டைலர்:
கடை உண்டு, பத்து மணிக்கு மேல வாங்க. பருத்தி நூலு எடுத்து வைக்கேன். பட்டன அறுக்காம அப்படியே கொண்டு வாங்க.